என்.ஆர்.ஏ. காப்பது துப்பாக்கி உரிமையையா, ஒரு கட்சியையா?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

இங்கே அமெரிக்கத் துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ. பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும், "காசை இறைத்து செனட்டர்களை வாங்கிவிட்டார்கள்" என்று ஒரு வரி விழும். அத்தோடு இழை படுத்துவிடும். அந்த வரியில் பாதி தவறு இருக்கிறது. தவறான இடத்தில் அடித்தால் அடி விழாது என்பதற்காகவே இதைத் தொடங்குகிறேன்.

அமெரிக்கச் சட்டப்படி, என்.ஆர்.ஏ.வின் அரசியல் வெற்றி நிதி என்ற பிரிவு ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடியது கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு 5,000 டாலர், பொதுத்தேர்தலுக்கு 5,000 டாலர். கோடிக்கணக்கில் செலவாகும் செனட் தேர்தலில் இந்தத் தொகைக்கு யாரும் விலைபோக மாட்டார்கள். பெரிய பணம் வேறு வழியில் போகிறது: வேட்பாளரிடம் கலந்து பேசாமல் தாங்களாகவே விளம்பரம் செய்வது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. 2016இல் டிரம்புக்காக மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் இப்படிச் செலவழித்தார்கள். ஆனால் அந்தப் பணத்தையும் தாண்டி அவர்களுடைய உண்மையான ஆயுதம் மதிப்பெண். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஏ+ முதல் எஃப் வரை ஒரு கிரேடு. தேர்தல் நாளில் தவறாமல் வரிசையில் நிற்கும் உறுப்பினர் கையில் அந்த கிரேடு இருக்கும்.

அந்த மதிப்பெண்ணைத்தான் கேள்வி கேட்க வேண்டும். துப்பாக்கி உரிமைதான் ஒரே அளவுகோல் என்றால், ஒரே காரியத்தைச் செய்த இருவருக்கு ஒரே மதிப்பெண் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா?

2013ஐப் பாருங்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட நான்கு மாதத்தில், துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணைய விளம்பரம் வழியாகவும் நடக்கும் விற்பனைக்கு, வாங்குபவரின் குற்றப் பின்னணியைப் பார்க்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கும் திருத்தம் செனட்டுக்கு வந்தது. முன்மொழிந்தவர்கள் இருவர்: மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், ஜனநாயகக் கட்சி. பென்சில்வேனியாவின் பேட் டூமி, குடியரசுக் கட்சி. இருவரும் அதுவரை ஏ வாங்கியவர்கள். ஏப்ரல் 17 அன்று 54க்கு 46 என்று வாக்கு விழுந்தது. 60 தேவை என்பதால் திருத்தம் தோற்றது. ஜூன் மாதமே மான்சினுக்கு எதிராக அவருடைய மாநிலத்தில் என்.ஆர்.ஏ. விளம்பரம் ஓட்டியது. 2018 தேர்தலில் அவருக்கு டி கொடுத்து, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சிக்காரரை ஆதரித்தது. டூமிக்கு 2016இல் கிடைத்தது சி.

ஒரே தாள், இரண்டு கையெழுத்து. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

---

கடம்பவனம்

வைகறை, பணத்தைப் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா மான்சின் - டூமி ஒப்பீடு அவ்வளவு சுத்தமா இல்ல. டூமியையும் அவங்க தண்டிச்சாங்க. ஏ-ல இருந்து சி-க்கு இறக்கினாங்க, 2016ல ஆதரவு அறிவிக்கல. மான்சினுக்கு 2013க்கு அப்புறம் விழுந்த மத்த வாக்குகளும் கணக்குல சேருது. ஒரு படி வித்தியாசத்தை வச்சு இரட்டை வேடம்னு தீர்ப்பு எழுதிட முடியாது.

இன்னொண்ணு. கட்சி மாறினது என்.ஆர்.ஏ.வா, ஜனநாயகக் கட்சியா? பழைய காலத்துல அவங்க கட்சி பாக்கல. 1990ல வெர்மான்ட்டுல தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை ஆதரிச்ச குடியரசுக் கட்சி உறுப்பினர் பீட்டர் ஸ்மித்துக்கு எதிரா என்.ஆர்.ஏ. இறங்கி வேலை செஞ்சுது. அதுல லாபம் பாத்தவர் பெர்னி சாண்டர்ஸ். மிச்சிகனோட ஜான் டிங்கெல் ஜனநாயகக் கட்சியில எவ்வளவு பெரிய ஆள். அவர் என்.ஆர்.ஏ. நிர்வாகக் குழுவுலயே இருந்தவர், 1994 குற்றத் தடுப்புச் சட்டத்துக்கு வாக்களிச்சப்போதான் விலகினார். அதே கட்சியோட கிர்ஸ்டன் கில்லிபிராண்ட், டிம் வால்ஸ் ரெண்டு பேருமே ஒரு காலத்துல ஏ வாங்கினவங்கதான். நிலைப்பாட்ட மாத்துனாங்க, எஃப் விழுந்துது. இதுல என்.ஆர்.ஏ. மேல என்ன தப்பு?

---

இளவேனில்

கடம்பவனம் சொன்ன வெர்மான்ட் உதாரணம் சரியானது, அதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். ஆனால் அதே உதாரணம்தான் எங்கே மாறினார்கள் என்பதையும் காட்டுகிறது. 1990இல் கேட்ட கேள்வி "துப்பாக்கித் தடையை ஆதரித்தாயா?" 2009க்குப் பிறகு கேட்ட கேள்வி வேறு.

2009இல் சோனியா சோட்டோமாயரை உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா நியமித்தபோது, அந்த நியமனத்துக்கு விழும் வாக்கையும் மதிப்பெண்ணில் சேர்ப்போம் என்று என்.ஆர்.ஏ. அறிவித்தது. உச்ச நீதிமன்ற நியமனத்தை அவர்கள் அப்படிக் கணக்கில் எடுத்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு எலினா ககனுக்கும் அதையே செய்தார்கள். ஒரு ஜனாதிபதியின் நீதிபதித் தேர்வை அவருடைய சொந்தக் கட்சி செனட்டர் எதிர்ப்பது அரிதிலும் அரிது. அதையே அளவுகோலாக்கினால், துப்பாக்கி விஷயத்தில் எவ்வளவு சுத்தமான வாக்குப் பதிவு வைத்திருந்தாலும் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் ஏறவே முடியாத படி ஒன்றைக் கட்டியாயிற்று. அளவுகோலின் பெயர் மாறவில்லை, அளக்கும் பொருள் மாறிவிட்டது.

இதில் சிக்கிய இருவர்.

நெவாடாவின் ஹாரி ரீட், அப்போதைய செனட் பெரும்பான்மைத் தலைவர். துப்பாக்கித் தயாரிப்பாளர்களை வழக்குகளிலிருந்து காக்கும் 2005 சட்டத்துக்கு வாக்களித்தவர். லாஸ் வேகாஸுக்கு வெளியே பெரிய துப்பாக்கிப் பயிற்சி மைதானம் அமைய உதவியவர். அதற்காக, என்.ஆர்.ஏ.வை அப்போது நடத்திவந்த வெய்ன் லாபியேர் அவரைப் பொதுவில் பாராட்டியும் இருக்கிறார். 2010இல் கழுத்தை நெரிக்கும் தேர்தல் வந்தபோது என்.ஆர்.ஏ. அவரைக் கைவிட்டது. சொன்ன காரணம் சோட்டோமாயர், ககன் வாக்குகள்.

ஆர்கன்சாவின் மார்க் பிரையர். 2013 ஏப்ரல் 17 அன்று தன் கட்சியையே எதிர்த்து, பின்னணிச் சோதனைத் திருத்தத்துக்கு எதிராக வாக்களித்த ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர். என்.ஆர்.ஏ. கேட்டதை அப்படியே செய்தார். 2014இல் அவர்கள் ஆதரித்தது அவரை எதிர்த்து நின்ற டாம் காட்டனை. பிரையர் தோற்றார்.

பிரையர் செய்ததைப் பார்த்த மற்ற ஜனநாயகக் கட்சியினர் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? இவர்கள் சொன்னபடி வாக்களித்தாலும் காப்பாற்ற மாட்டார்கள், பிறகு எதற்கு வாக்களிப்பது என்பதைத்தானே? ஜனநாயகக் கட்சி விலகிப்போனது என்கிறீர்கள். அந்த விலகலில் பாதி, கதவை இந்தப் பக்கமிருந்து சாத்தியதால் வந்தது.

---

வைகறை

பிரையரோடு மிட் ரோம்னியை வைத்துப் பாருங்கள். 2004இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக, தாக்குதல் ரகத் துப்பாக்கிகள் மீதான மாநிலத் தடையை நிரந்தரமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். மத்தியத் தடை அதே ஆண்டு செப்டம்பரில் காலாவதியாக இருந்த நேரம். 2012இல் என்.ஆர்.ஏ. ஆதரித்த ஜனாதிபதி வேட்பாளர் அவர்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஒபாமா. முதல் ஆண்டில் அவர் கையெழுத்திட்ட துப்பாக்கி தொடர்பான முக்கியச் சட்டங்கள் இரண்டு. தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோக அனுமதித்தது ஒன்று. ஆம்ட்ராக் ரயிலில் பதிவு செய்த பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக அனுமதித்தது இன்னொன்று. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் பிராடி அமைப்பு 2010 தொடக்கத்தில் ஒபாமாவுக்குக் கொடுத்த மதிப்பெண் எஃப். அந்த ஒபாமாவைத்தான் துப்பாக்கியைப் பறிக்க வருகிறார் என்று எட்டு ஆண்டு பிரசாரம் செய்தார்கள்.

---

கடம்பவனம்

ரோம்னி கையெழுத்துப் போட்ட சட்டத்துல உரிமம் வச்சிருக்கவங்களுக்குச் சில தளர்வும் இருந்துது. உரிமத்தோட காலத்தை ஆறு வருஷமா நீட்டினது அதுல ஒண்ணு. முழுக்க தடைச் சட்டம்னு சொல்றது நியாயமில்ல. ஆனா பிரையர் விஷயத்துல எனக்குப் பதில் இல்ல. அது கட்சி அரசியல்தான், ஒத்துக்கறேன்.

---

தாமரைக்குளம்

ஒரு சந்தேகம். "எல்லா இடத்திலும் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் தங்கள் சொந்த மாநாட்டில் துப்பாக்கியைத் தடை செய்கிறார்கள்" என்று ஒரு படம் சுற்றுகிறதே. 2022இல் யுவால்டி பள்ளிக் கொலைகள் நடந்த மூன்றாம் நாள் ஹூஸ்டன் மாநாட்டில் அப்படித்தான் நடந்ததாம். இதைவிடப் பெரிய இரட்டை வேடம் உண்டா?

---

இளவேனில்

தாமரைக்குளம், அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். அது நிற்காது.

ஹூஸ்டனில் டிரம்ப் பேசிய அரங்குக்குள் துப்பாக்கியைத் தடுத்தது தலைவர்களுக்குப் பாதுகாப்பு தரும் மத்தியப் படையான சீக்ரெட் சர்வீஸ். 2018 டல்லாஸ் மாநாட்டில் துணை ஜனாதிபதி பென்ஸ் பேசியபோதும் அப்படித்தான். அவர்கள் பாதுகாக்கும் ஆள் வரும் இடத்தில் அவர்கள் விதிதான் செல்லும். அதை மாற்ற என்.ஆர்.ஏ.வுக்கு அதிகாரம் இல்லை. கண்காட்சியில் வைக்கும் துப்பாக்கிகளின் சுடும் ஊசியைக் கழற்றிவைப்பதையும் சிலர் கேலி செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கையில் எடுத்து விசையை இழுத்துப் பார்க்கும் காட்சிப் பொருளுக்கு அது சாதாரணப் பாதுகாப்பு முறை.

இப்படிப்பட்ட படங்களைப் பகிர்ந்தால் அவர்கள் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள். அதோடு சேர்த்து நம்முடைய நல்ல வாதங்களும் போய்விடும்.

நிற்கக்கூடியது இது. ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் என்.ஆர்.ஏ. சொல்வது: "புதிய சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டத்தை ஒழுங்காகச் செயல்படுத்துங்கள்." கேட்க நியாயமாக இருக்கிறது. செயல்படுத்த வேண்டியது, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்தியத் துறையான ஏ.டி.எஃப். அந்தத் துறையின் கையில் என்ன விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, ஒரு கொலை நடந்த இடத்தில் கிடைத்த கைத்துப்பாக்கியின் சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தொடர்ந்து போனால் போதும்.

காவல்துறை சீரியல் நம்பரை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் இருக்கும் தேசியத் தடமறிதல் மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே கணினியில் நம்பரைத் தட்டினால் பெயர் வராது. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு எதையும் வைத்திருக்கக் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது. அது என்.ஆர்.ஏ. போராடிப் பெற்ற சட்டம். அதனால் ஊழியர் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். இந்த நம்பரை எந்த மொத்த வியாபாரிக்கு அனுப்பினீர்கள்? பிறகு மொத்த வியாபாரிக்கு: எந்தக் கடைக்குக் கொடுத்தீர்கள்? பிறகு கடைக்கு. கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள், வாங்கியவர் நிரப்பிய 4473ஆம் எண் படிவத்தைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் விற்பனையோடு தடம் முடிந்துவிடும். வாங்கியவர் அதை இன்னொருவருக்குத் தனிப்பட்ட முறையில் விற்றிருந்தால், பல மாநிலங்களில் அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அந்தக் கடை மூடிவிட்டிருந்தால் கதை வேறு. மூடிய கடைகளின் காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்குக்கு வந்து குவிகின்றன. கட்டடத்தின் தளம் பாரம் தாங்காது என்பதால் வாகன நிறுத்துமிடத்தில் சரக்குக் கன்டெய்னர்களில் அடுக்கிவைத்தார்கள். ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் வாங்கியவர் பெயரைக் கொண்டு தேட முடியாத படமாகத்தான் சேமிக்க வேண்டும். தேடும் வசதி வந்தால் அது பதிவேடு ஆகிவிடுமாம். ஆகவே ஒரு மனிதர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திரையில் புரட்டுகிறார். கையெழுத்து தெளிவில்லாத, ஈரம் பட்டு வீங்கிய கணக்குப் புத்தகங்களும் அதில் உண்டு.

கடையைச் சோதனையிடுவதும் அப்படித்தான். வாரண்ட் இல்லாமல் ஒரு கடையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் வழக்கமான ஆய்வு செய்யலாம். இதுவும் 1986 சட்டம். கடையில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை எண்ணிப் பார்க்கும்படி கட்டாயப்படுத்த ஏ.டி.எஃப்.பால் முடியாது. அதைத் தடுப்பது 2003 முதல் செலவு மசோதாக்களில் ஒட்டிவரும் டியார்ட் திருத்தம். அதே திருத்தத்தின் கீழ், துப்பாக்கி வாங்கும்போது பின்னணிச் சோதனையில் தேறியவர்களின் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். இதனால் என்ன கெடுகிறது? ஒரு கடைக்காரர் சோதனைக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, படிவத்தில் வேறொன்றை எழுதினாலும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் எதுவும் இல்லை.

2006இல், ஏ.டி.எஃப். இயக்குநரை செனட் உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் மாற்றினார்கள். அன்றிலிருந்து 2022 வரை உறுதிசெய்யப்பட்டவர்கள் இரண்டே பேர்: 2013இல் டாட் ஜோன்ஸ், 2022இல் ஸ்டீவ் டெட்டல்பாக். மற்ற ஆண்டுகளில் எல்லாம் பொறுப்பு அதிகாரிகள்.

கைகால்களைக் கட்டிவிட்டு, நீந்தத் தெரியவில்லை என்று குறை சொல்கிறார்கள். என் பார்வையில் என்.ஆர்.ஏ. மீதான மிகக் கனமான குற்றச்சாட்டு இதுதான். மாநாட்டுப் படங்களை எல்லாம் விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

---

வைகறை

இளவேனில் சொன்னதோடு 1999ஐயும் சேர்க்க வேண்டும். கொலம்பைன் பள்ளிக் கொலைகள் நடந்த அடுத்த மாதம், மே 27 அன்று, பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைத் துணைக்குழு முன் லாபியேர் சாட்சியம் சொன்னார். துப்பாக்கிக் கண்காட்சிகளில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் உடனடிப் பின்னணிச் சோதனை கட்டாயம் என்பது நியாயமானதே, யாருக்கும் எந்த ஓட்டையும் வேண்டாம் என்றார்.

2013 ஜனவரியில் செனட் நீதித்துறைக் குழுவில் பேட்ரிக் லேஹி அதை நினைவூட்டி, இன்றைக்கும் அதே நிலைப்பாடா என்று கேட்டார். இல்லை என்றார் லாபியேர். சொன்ன காரணம்: இருக்கிற சட்டம் வேலை செய்யவில்லை, சோதனையில் பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் மீதே வழக்குப் போடுவதில்லை. வேலை செய்யாமல் இருக்க என்னென்ன செய்தார்கள் என்பது மேலே இருக்கிறது.

---

கடம்பவனம்

ஏ.டி.எஃப். பகுதியில எனக்கு ஒரே ஒரு மறுப்பு. பதிவேடு வந்தா நாளைக்குப் பறிமுதலுக்கு அதுவே பட்டியலாகிடும்ங்கற பயம் உறுப்பினர்கள்கிட்ட உண்மையாவே இருக்கு. அது வேஷம் இல்ல. வருஷக் கணக்கெடுப்பைத் தடுக்கறதுக்கு மட்டும் அந்தப் பயம் காரணமா இருக்க முடியாது. கடையில இருக்கற சரக்கை எண்ணினா வாங்கினவன் பேர் எங்கயும் வராது. அதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியல.

அப்புறம் எல்லாரும் கையில வச்சிருக்கற கலிஃபோர்னியாவோட 1967 மல்ஃபோர்ட் சட்டம். கறுப்பின உரிமைக்காகப் போராடின கறுஞ்சிறுத்தைக் கட்சிக்காரங்க சுமார் 30 பேர் துப்பாக்கியோட தலைநகர் சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள்ள வந்தாங்க. குண்டு நிரப்பின துப்பாக்கியைப் பொது இடத்துல கொண்டுபோறதத் தடுக்கிற சட்டத்துல அப்ப ஆளுநரா இருந்த ரீகன் கையெழுத்துப் போட்டார், என்.ஆர்.ஏ. ஆதரிச்சுது. இத இன்னிக்கு இருக்கற அமைப்போட இரட்டை வேடம்னு சொல்றது வரலாறு தெரியாத பேச்சு. அப்ப இருந்தது வேட்டைக்காரங்க, குறிபார்த்துச் சுடறவங்க அமைப்பு. 1934ல மத்தியச் சட்டம் வந்தப்போ அதோட தலைவர் கார்ல் ஃபிரெடெரிக், எல்லாரும் ஆயுதத்தோட திரியறத நான் ஏத்துக்கல, உரிமம் வேணும்னு காங்கிரஸ்லயே சொன்னவர். 1977 மே மாசம் சின்சினாட்டி மாநாட்டுல, துப்பாக்கிக் கட்டுப்பாட்ட எதிர்த்த ஹார்லன் கார்ட்டர் ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா பழைய தலைமையைக் கவுத்தாங்க. இன்னிக்கு இருக்கறது அந்த அமைப்பு. முன்னாடி செஞ்சதுக்கு இவங்களப் பொறுப்பாக்க முடியாது.

---

வைகறை

மல்ஃபோர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதை இரட்டை வேடத்துக்குச் சான்றாக நானும் இனி எடுக்க மாட்டேன். ஆனால் 1977க்குப் பிந்தைய என்.ஆர்.ஏ.வுக்கு அதே தேர்வு மறுபடி வந்தது.

2016 ஜூலை 6, மினசோட்டா. பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், துப்பாக்கி எடுத்துச்செல்ல முறையான உரிமம் பெற்றவர். காரை நிறுத்திய காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவே சொன்னார். சட்டப்படி நடக்கும் உரிமதாரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அதையே செய்தார். சில விநாடிகளில் காவலர் ஏழு முறை சுட்டார். இரண்டு நாள் கழித்து என்.ஆர்.ஏ. வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர்கூட இல்லை. மினசோட்டாவிலிருந்து வரும் செய்தி கவலை தருகிறது, விசாரணை வேண்டும் என்ற அளவில் நின்றது. 2017 ஜூனில் காவலர் விடுதலையானபோதும் தலைமையிடமிருந்து வார்த்தை இல்லை. பின்னர் செய்தித் தொடர்பாளர் டேனா லோஷ் பேசியபோது, காரில் இருந்த கஞ்சாவைக் காரணம் காட்டினார்.

உரிமம் வைத்த ஒரு குடிமகனை, துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்ன உடனேயே அரசு ஊழியர் சுட்டுக் கொன்றார். இந்த அமைப்பு எதற்காக இருப்பதாகச் சொல்கிறதோ, அதன் நடுமையத்தில் விழுந்த சம்பவம் அது. உறுப்பினர்களிலேயே பலர் கொதித்தார்கள். தலைமை வாய் திறக்காததற்கு இரண்டே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: இறந்தவர் யார் என்பது, சுட்டவர் பக்கம் எந்தக் கட்சி நிற்கிறது என்பது.

---

முத்துவேல்

வாயைத் திறப்பது, மூடுவது பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு ஜோடி.

2011இல் ஃபுளோரிடாவில் ஒரு சட்டம் வந்தது. நோயாளியிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் தேவையின்றிக் கேட்கக் கூடாது, பதிவேட்டில் எழுதக் கூடாது. மீறினால் மருத்துவ உரிமத்துக்கே ஆபத்து. முதல் வடிவில் சிறைத் தண்டனையும் இருந்தது. பின்னால் நின்று தள்ளியது என்.ஆர்.ஏ. குழந்தை மருத்துவர் தாயிடம் நீச்சல்குளத்துக்கு வேலி இருக்கிறதா, பூச்சிமருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்கும் அதே பட்டியலில்தான் துப்பாக்கிக் கேள்வியும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் 11ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் இதன் முக்கியப் பகுதிகளைப் பேச்சுரிமைக்கு எதிரானவை என்று தள்ளியது.

இனி 2024. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் தலைவராக இருந்த மரியா வுல்லோ, என்.ஆர்.ஏ.வோடு உறவை முறிக்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை மிரட்டினார், அது எங்கள் பேச்சுரிமையை நசுக்குவது என்று என்.ஆர்.ஏ. உச்ச நீதிமன்றம் போனது. மே 30 அன்று 9-0 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு. தீர்ப்பு சரியானது என்பது என் கருத்து. அரசு அதிகாரி தன் பதவியைக் காட்டிப் பிடிக்காதவர் வாயை அடைக்கக் கூடாது. அவர்களுக்காக வாதாடியது குடிமை உரிமைகளுக்கான ஏ.சி.எல்.யூ. தீர்ப்பை எழுதியவர் சோட்டோமாயர். எந்த நீதிபதிக்கு வாக்களித்ததற்காக ஹாரி ரீடைக் கைவிட்டார்களோ அதே சோட்டோமாயர்.

தன் பேச்சுக்கு உரிமை கேட்டபோது கிடைத்தது. மருத்துவரின் பேச்சுக்கு அதே உரிமையை மறுக்கத்தான் ஆறு ஆண்டு வழக்கு நடந்தது.

---

தாமரைக்குளம்

டிரம்ப் விஷயத்திலும் இப்படி ஜோடி இருக்கிறதா?

---

இளவேனில்

இருக்கிறது. 2018 பிப்ரவரி 28, தொலைக்காட்சியில் நேரலையாகப் போன வெள்ளை மாளிகைக் கூட்டம். ஆபத்தானவரிடமிருந்து முதலில் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம், சட்ட நடைமுறையை அப்புறம் பார்க்கலாம் என்று டிரம்ப் சொன்னார். ஒபாமா சொல்லியிருந்தால் ஒரு தலைமுறைக்கு அதைக் காட்டி நன்கொடை திரட்டியிருப்பார்கள். மறுநாள் என்.ஆர்.ஏ.வின் கிறிஸ் காக்ஸ் ஜனாதிபதியைச் சந்தித்துவிட்டு, சந்திப்பு மிக நன்றாக இருந்தது என்று எழுதினார். 2020இல் மறுபடி டிரம்பையே ஆதரித்தார்கள்.

பம்ப் ஸ்டாக்கையும் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தனித்தனியாக இழுக்க வேண்டிய துப்பாக்கியின் பின்கட்டையைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் வழுக்கும் கட்டையைப் பொருத்துவார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். சுடுபவர் முன்பக்கத்தைத் தள்ளிப் பிடித்திருப்பதால் அது மறுபடி முன்னே வந்து, அசையாமல் வைத்த விரலில் விசை தானாக மோதும். அதிர்விலேயே சரமாரியாகச் சுடும். 2017 அக்டோபர் 1இல் லாஸ் வேகாஸ் இசைவிழாவில் கூட்டத்தைச் சுட்ட கொலையாளி அதைத்தான் பயன்படுத்தினான். நான்கு நாளில் என்.ஆர்.ஏ., இதற்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும், ஏ.டி.எஃப். மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. அதே அறிக்கையில் ஒபாமா அரசுதான் இதை அனுமதித்தது என்றும் எழுதியது. டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் தடையை அறிவித்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போய் நின்றவர்கள் வேறு துப்பாக்கி அமைப்புகளும் தனிநபர்களும். 2024 ஜூன் 14இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தடையை நீக்கியது.

---

முத்துவேல்

கடைசியாக உறுப்பினர் பணம். சுதந்திரத்துக்கு ஆபத்து, உடனே அனுப்புங்கள் என்று கடிதம் வரும். அனுப்பிய பணம் எங்கே போனது என்பது நியூயார்க் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

ஓட்டை இருந்தது பில்லில். விளம்பர நிறுவனமான ஆக்கர்மன் மெக்வீன் தன் செலவுகளை ஒரு பக்க விவரமில்லாத பில்லாக அனுப்பும், என்.ஆர்.ஏ. கொடுத்துவிடும். அந்த வழியில் லாபியேருக்கு பெவர்லி ஹில்ஸ் கடையில் வாங்கிய ஆடைகள் மட்டும் பல ஆண்டுகளில் 2,70,000 டாலரைத் தாண்டின. தனி விமானப் பயணம், ஒப்பந்ததாரரின் உல்லாசப் படகில் பஹாமாஸ் விடுமுறை எல்லாம் தனி. 2021 ஜனவரியில் டெக்சாஸில் திவால் மனு போட்டுத் தப்பப் பார்த்தார்கள். பணத் தட்டுப்பாடு இல்லை என்று உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டே போட்ட மனு. மே மாதம் நீதிபதி ஹார்லின் ஹேல், இது நல்லெண்ணத்தோடு போட்டதல்ல என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரி 23இல் ஜூரி, லாபியேர் ஏற்படுத்திய இழப்பு 54 லட்சம் டாலர் என்று முடிவு செய்தது. முன்பே திருப்பியது போக மீதி சுமார் 43 லட்சத்தைக் கட்டச் சொன்னது.

---

கடம்பவனம்

நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரா அந்த வழக்கைப் போட்ட லெட்டிஷியா ஜேம்ஸ் 2018 தேர்தல்ல நிக்கும்போதே என்.ஆர்.ஏ.வ பயங்கரவாத அமைப்புன்னு சொன்னவங்க. அமைப்பையே கலைக்கணும்னு அவங்க கேட்டத நீதிபதி 2022ல மறுத்துட்டார். அதையும் சேத்துச் சொல்லணும். ஆனா கோட்டு சூட்டு வாங்கின பணம் உறுப்பினர் பணம்தான். ஜூரி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல.

இந்த எண்களை எல்லாம் நானே பாக்கணும்னா எங்க போறது? செய்தித்தாள் கணக்கு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல.

---

முத்துவேல்

ஒத்து வராததற்குக் காரணம் இருக்கிறது. மத்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் குழுவின் பெயரைத் தேடும்போது, அரசியல் வெற்றி நிதி தனி, சட்டமன்றச் செயல் பிரிவான ஐ.எல்.ஏ. தனி என்று வரும். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். அரசியல் வெற்றி நிதி மாதாந்தர அல்லது காலாண்டு அறிக்கையில் ஈ அட்டவணையில் சுயேச்சைச் செலவைக் காட்டும். மற்றப் பிரிவு ஐந்தாம் எண் படிவத்தில் காட்டும். ஒவ்வொரு வரியிலும் எந்த வேட்பாளர், ஆதரவா எதிர்ப்பா, எவ்வளவு, எந்த விளம்பர நிறுவனத்துக்கு என்று இருக்கும். எதிர்ப்புச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கிளின்டனுக்கு எதிரான விளம்பரத்தை விட்டுவிட்டு டிரம்ப் கணக்குப் போட்டால் தொகை மிகவும் குறையும்.

எல்லோரும் சறுக்கும் இடம் இது: தேர்தல் நெருங்கும்போது 24 மணி நேர, 48 மணி நேர அவசர அறிக்கைகளும் வரும். அதே செலவு பிறகு வழக்கமான அறிக்கையிலும் வரும். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பாகிவிடும். தேதி, தொகை, பெறுபவர் மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றை நீக்குங்கள்.

உள்கணக்குக்கு வருமான வரித்துறைக்குப் போகும் 990ஆம் எண் படிவம். சி அட்டவணையில் அரசியல் செலவு, ஜே அட்டவணையில் தலைவர்கள் சம்பளம், எல் அட்டவணையில் நிர்வாகிகளோடும் அவர்கள் உறவினர்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல். முதலில் எல் அட்டவணையைத் திறங்கள். வெவ்வேறு ஆண்டுப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தப் பெயர் எந்த ஆண்டில் புதிதாக முளைத்தது என்பது தெரியும்.